சுட்ட பழம், சுடாத பழம், ஐஸ் வச்ச பழம்

பதிவு போட்டு மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஒரு பக் வந்துச்சு, அதைச் சரி பண்ணினேன், சரி பண்ணினதுல இருந்து ரெண்டு பக் வந்துச்சு. அப்படியே ஓடிட்டு இருக்கு பொழப்பு.

இன்னைக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம், எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல நேத்து வந்த ஒரு படம். கிண்ணத்துல ஊதா கலர்ல ரெண்டு உருண்டை. கீழ "நாவல்பழ ஐஸ்க்ரீம். சுகர் உள்ளவங்க தைரியமா சாப்பிடலாம்"னு எழுதியிருந்தது. பதினேழு பேர் கும்பிடு போட்டிருந்தாங்க. பதினெட்டாவதா எங்க அத்தை ஒரு பூங்கொத்து.

நான் அங்க ஒண்ணும் சொல்லல. சொன்னா "நாலு எழுத்து படிச்சிட்டான்ல"ன்னு ஆரம்பிச்சிருவாய்ங்க. அதான் இங்க வந்து கொட்டுறேன். இந்தப் படத்துல இருக்கற வார்த்தையை நம்பி, என் கையாலயே எங்க அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். அந்தக் கதை கீழ வருது.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க ஊர் மதுரை. ஆனி, ஆடி வந்துட்டா தள்ளுவண்டியில நாவல்பழம் குவிஞ்சு கிடக்கும். பஸ் ஸ்டாண்டு ஓரமா சாக்கை விரிச்சு, படியில அளந்து, மேல ஒரு சிட்டிகை உப்பைத் தூவி பொட்டலம் கட்டிக் கொடுப்பாங்க. ஸ்கூல்ல யாரு நாக்கு அதிக ஊதான்னு போட்டி. யூனிஃபார்ம் சட்டையில கறை ஆச்சுன்னா வீட்ல அடி. அழகர்மலைக்குப் போனா, பழமுதிர்சோலையில "முருகன் ஔவைப்பாட்டியை மடக்கின மரம் இதுதான்"னு காட்டுவாங்க. பாட்டி எவ்வளவு பெரிய படிப்பாளி! அவங்களையே ஏமாத்தின பழம். நானெல்லாம் எம்மாத்திரம்?

பொது அறிவுக்கு ஒரு தகவல். தாவரவியல் கணக்குப்படி நாவல் ஒரு பெர்ரி. ஸ்ட்ராபெர்ரியும் பிளாக்பெர்ரியும் அந்தக் கணக்குல பெர்ரியே கிடையாதாம். பேர்ல இருக்கறதெல்லாம் உள்ள இருக்கணும்னு அவசியம் இல்ல. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி உதவும்.

இப்ப கதைக்கு வர்றேன். அப்பா ரிடையர்டு கணக்கு வாத்தியார். பதினொரு வருஷமா சுகர். ஆனா மனுஷன் கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடு. பதினொரு வருஷமா காபியில ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கிட்டது கிடையாது. கல்யாண வீட்ல லட்டை எடுத்து அம்மா இலையில வச்சிருவார். போன வருஷம் ஆடியில நான் ஊருக்குப் போயிருந்தப்ப, புதுசா திறந்த ஒரு கடையில "நாவல்பழ ஐஸ்க்ரீம், வெள்ளைச் சர்க்கரை சேர்க்காதது, சர்க்கரை நோயாளிகளுக்கும் ஏற்றது"ன்னு போர்டு வச்சிருந்தாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பதினொரு வருஷம் கழிச்சு அப்பா ஒரு ஐஸ்க்ரீம் சாப்பிடப் போறார்! ஒரு பெரிய டப்பா வாங்கிட்டுப் போனேன்.

அப்பா முதல் ஸ்பூனை வாயில வச்சிட்டு கண்ணை மூடினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. "நல்லாருக்குடா தம்பி"ன்னார். அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு வார்த்தைக்காக சென்னை வந்ததும் போன்லயே ஆர்டர் போட்டு இன்னும் மூணு டப்பா வீட்டுக்கு அனுப்பினேன். பெருமையா ஆபீஸ்ல சொல்லிக்கிட்டும் திரிஞ்சேன்.

ஒரு மாசம் இருக்கும். அம்மா போன் பண்ணாங்க. "அப்பாவுக்கு கால்ல செருப்பு கடிச்ச புண்ணு ஆறவே மாட்டேங்குது. ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எந்திரிக்கிறாரு. கேட்டா ஒண்ணுமில்லேங்கிறாரு. நீ வந்து கேளு." அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறினேன். காலையில வெறும் வயித்துல மீட்டர்ல பார்த்தா 214. லேப்ல மூணு மாச சராசரி, வசந்த காலத்துல 7.1 இருந்தது, 8.2.

டாக்டர் என்னென்ன மாத்திரைன்னு கேட்கும்போதுதான் உண்மை வெளிய வந்துச்சு. அப்பா ராத்திரி மாத்திரையை நிறுத்தியிருக்கார். ஏன்னா, "அதான் தினம் நாவல்பழம் சாப்பிடறேனே, ரெண்டும் சேர்ந்தா லோ சுகர் ஆயிரும்ல."

யோசிச்சுப் பாருங்க. அவர் முட்டாள் இல்ல. மத்தவங்க கட்டுப்பாடில்லாம ஐஸ்க்ரீம் தின்னு மாட்டுவாங்க. இவர் ஐஸ்க்ரீமை மருந்துன்னு நினைச்சதால மாட்டினார். மருந்தைக் கொண்டு வந்து கொடுத்தது நான்.

இந்தப் பதிவோட கருத்தே இதுதான். பழம் வச்ச ஐஸ்க்ரீமை யாரும் சாப்பிட வேண்டாம்னு நான் சொல்லல. அதை இனிப்புன்னு சொல்லி வித்தா, இனிப்புன்னு நினைச்சு சாப்பிட்டா, எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. பழம்னு சொல்லி விக்கிறதும், அதுக்கும் மேல போய் மருந்துன்னு சொல்றதும்தான் தப்பு.

அந்த டப்பாவை அம்மா கழுவி கறிவேப்பிலை போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தாங்க. எடுத்து பின்னாடி இருந்த பொடி எழுத்தை அன்னைக்குத்தான் முதல் தடவையா படிச்சேன். (ஆமாங்க, லைப்ரரி லைசென்ஸ் மொத்தத்தையும் வரி விடாம படிக்கிறவன், இதைப் படிக்கல.) பால், நாட்டுச்சர்க்கரை, நாவல்பழக் கூழ், தேன், அப்புறம் மத்ததெல்லாம். 100 கிராமுக்கு சேர்க்கப்பட்ட சர்க்கரை 19 கிராம்.

போர்டுல எழுதினது பொய் இல்ல பாருங்க. வெள்ளைச் சர்க்கரை நிஜமாவே இல்ல. நாட்டுச்சர்க்கரையும் தேனும் இருந்துச்சு. நாட்டுச்சர்க்கரையில பெரும்பகுதி நம்ம சாதா சர்க்கரையோட அதே சுக்ரோஸ்தான், கூட கொஞ்சம் தாது உப்பும் வாசனையும். தேன்ல பெரும்பகுதி குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். நிறம் பழுப்பா இருந்தா ரத்தத்துக்கு அது தெரியாது.

அப்பாகிட்ட டப்பாவைக் கொடுத்தேன். கணக்கு வாத்தியார் இல்லையா, பேப்பர் பேனா எடுத்துட்டார். நம்ம நாட்டு சட்டப்படி, சேர்மானங்களை எது எடை அதிகமோ அந்த வரிசையில போடணும். நாட்டுச்சர்க்கரைக்குப் பின்னாடி நாவல் வருதுன்னா, சர்க்கரையை விட நாவல் அதிகமா இருக்க வாய்ப்பே இல்ல. அதாவது 100 கிராம்ல 19 கிராம் கூழைத் தாண்டாது. அவர் தினம் சாப்பிட்ட கிண்ணம் 150 கிராம் பிடிக்கும். அதுல நாவல் அதிகபட்சம் 28 கிராம், கொட்டை நீக்கி பார்த்தா நாலஞ்சு பழம். சர்க்கரை 28 கிராம், அஞ்சரை டீஸ்பூன்.

பேனாவை மூடி வச்சிட்டு அப்பா சொன்னார்: "நாலு பழத்துக்கு ஆறு ஸ்பூன் சர்க்கரையாடா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல என்ன சொல்லுச்சுன்னா, இந்த மாதிரி சேர்க்கப்படற சர்க்கரை ஒரு நாளைய கலோரியில 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 5 சதவீதத்துக்குள்ள வந்தா இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடறவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம். சுகரே இல்லாத நல்ல மனுஷனுக்கு ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டியதை, அப்பா ராத்திரி ஒரு கிண்ணத்துல முடிச்சிருக்கார்.

சரி, பழத்துல உண்மையிலேயே என்ன இருக்கு? 100 கிராம் நாவல் சதையில சுமார் 60 கலோரி, 15 கிராம் கார்போஹைட்ரேட், வைட்டமின் சி 14 மில்லிகிராம் பக்கம். வைட்டமின் சி-ல இது பெரிய ஆளெல்லாம் இல்ல. ஸ்ட்ராபெர்ரியில 60 கிட்ட இருக்கு, நம்ம ஊர் கொய்யாவுல 200-க்கு மேல. நாவலோட சொத்து அந்த ஊதா நிறம். ஆந்தோசயனின்னு பேரு, ப்ளூபெர்ரியில இருக்கற அதே குடும்பம். அப்புறம் அந்தத் துவர்ப்பு. டானின் எச்சில்ல இருக்கற புரதத்தோட ஒட்டிக்கிறதால வாய் இழுத்துப் பிடிக்குது. நல்ல பழம், மறுக்கல.

அப்ப "நாவல் சுகருக்கு நல்லது"ங்கிற பேர் எங்க இருந்து வந்துச்சு? நாட்டு வைத்தியத்துல சுகருக்கு முக்கியமா சொல்றது கொட்டையை. காயவச்சு இடிச்ச பொடி. எலிகள்ல செஞ்ச ஆய்வுகள் நிறைய அந்தப் பொடியை, சாறை வச்சு செஞ்சது. மனுஷங்ககிட்ட உறுதியான ஆதாரம் குறைவு. பிரேசில்லயும் இதே மாதிரி நாவல் இலையில டீ போட்டுக் குடிக்கிற பழக்கம் இருக்கு. அதை வச்சு அங்க ஆய்வு செஞ்சவங்க, சர்க்கரை இறங்கலைன்னு 2000-ல எழுதினாங்க. எப்படியிருந்தாலும், ஐஸ்க்ரீம் போடும்போது முதல்ல தூக்கி எறியறது எதை? கொட்டையைத்தான் :) பேர் வாங்கினது ஒண்ணு, டப்பாவுல இருக்கறது வேற.

இதோட விட்டிருக்கலாம். ஆனா இன்ஜினியர் புத்தி. "ஏன் இவ்வளவு சர்க்கரை போடணும்? போடாம செய்ய முடியாதா?"ன்னு, ஒரு சனிக்கிழமை கிச்சன்ல இறங்கிட்டேன். அரை கிலோ பழத்தைப் பிசைஞ்சு, கொட்டையை எடுத்து, கூழை அப்படியே டப்பாவுல போட்டு ஃப்ரீஸர்ல வச்சேன். காலையில எடுத்தா பாறாங்கல். ஸ்பூன் வளைஞ்சு போச்சு. அம்மா அம்மிக்குழவியைக் காட்டி "இது வேணுமா?"ன்னாங்க.

அப்பத்தான் ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் வந்துச்சு. தண்ணியில எதையாவது கரைச்சா அது உறையற வெப்பநிலை கீழ போகும். சர்க்கரை நிறைய இருந்தா, மைனஸ் 18 டிகிரியிலயும் கொஞ்சம் தண்ணி உறையாம பாகா நிக்கும். அந்தப் பாகுதான் ஐஸ் துகள்களுக்கு நடுவுல இருந்து நமக்கு ஸ்பூன் இறங்க வழி விடுது. தேன்ல இருக்கற குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் மூலக்கூறு சுக்ரோஸ்ல பாதி எடைதான். அதனால கிராமுக்கு கிராம் பார்த்தா இந்த வேலையை ஏறக்குறைய ரெண்டு மடங்கு செய்யும். அந்தக் கடை ஐஸ்க்ரீம் ஏன் அவ்வளவு மெத்துனு இருந்துச்சுன்னு இப்ப புரிஞ்சுது.

இன்னொரு காரணம் நம்ம நாக்கு. குளிர்ல இனிப்பு சரியா தெரியாது. இனிப்பை உணர உதவற ஒரு சின்னக் கதவு நம்ம நாக்கு செல்கள்ல இருக்கு, அது சூட்டுல நல்லா வேலை செய்யும், குளிர்ல மந்தமாயிடும்னு பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள் 2005-ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. சந்தேகம்னா உருகிப்போன ஐஸ்க்ரீமைக் குடிச்சுப் பாருங்க, திகட்டும். அதே சர்க்கரைதான், உறைஞ்சு இருந்தப்ப ஒளிஞ்சிட்டு இருந்துச்சு.

ஆக, பழ ஐஸ்ல சர்க்கரை வியாபாரி பேராசையில கொட்டினது மட்டும் இல்ல. அது அந்தப் பண்டத்தோட கட்டுமானம். பால் இல்லாத சார்பே வகைக்கும் இதே கதைதான், அதுல கொழுப்பு இல்லாததால சர்க்கரை இன்னும் கூட வேணும், கால் பங்கு வரைக்கும் போகும். "கொழுப்பே இல்ல"ன்னு பெருசா எழுதியிருக்கும்போது இதை நினைச்சுக்குங்க.

இது நாவலோட போற விஷயமும் இல்ல. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி சீசன் குளிர்காலத்துல வந்தா சென்னையில எல்லா கடையிலயும் ஸ்ட்ராபெர்ரி ஐஸ்க்ரீம் போஸ்டர் வந்துரும். ஸ்ட்ராபெர்ரியே 91 சதவீதம் தண்ணி, 100 கிராமுக்கு 32 கலோரி. அவ்வளவு லேசான பழத்தோட படத்தைப் போட்டு எவ்வளவு கனமான சமாச்சாரத்தை விக்கலாம் பாருங்க. அமெரிக்க சட்டத்துல ஷெர்பெட்னு ஒரு வகை உண்டு. பெர்ரி ஷெர்பெட்னு பேர் வைக்க 6 சதவீதம் பெர்ரி இருந்தா போதும். நம்ம ஊர்ல "ஃப்ரோஸன் டெஸர்ட்"னு டப்பாவுல போட்டிருந்தா, பால் கொழுப்புக்குப் பதிலா தாவர எண்ணெய்க் கொழுப்பு இருக்கலாம்னு அர்த்தம். ஐஸ்க்ரீம்னு போடணும்னா பால் கொழுப்பு குறைஞ்சது 10 சதவீதம் வேணும். அது உடம்புக்கு நல்லதா கெட்டதாங்கிறது வேற விவாதம், என்ன வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்குங்க.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் பேசிடறேன். "ஃப்ரீஸர்ல வச்சா சத்தெல்லாம் போயிடும்"னு ஒரு கோஷ்டி இருக்கு. அதுவும் தப்பு. உறைய வைக்கறதுல வைட்டமினும் அந்த ஊதா நிறச் சத்தும் பெருமளவு தங்கும், மாசக்கணக்குல வச்சாத்தான் மெல்லக் குறையும். நாவல் மாதிரி ரெண்டு நாள்ல அழுகிப்போற பழத்துக்கு ஃப்ரீஸர் ஒரு வரம். ஆனா உறைய வச்சா கிருமி செத்துடும்னு மட்டும் நினைக்காதீங்க. 2012-ல ஜெர்மனியில உறைய வச்ச ஸ்ட்ராபெர்ரியில இருந்த நோரோ வைரஸால சுமார் 11,000 பேர், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க, வாந்தி பேதியில படுத்தாங்க. நாவல் மரத்துல இருந்து தரையில விழற பழம். முருகன் சொன்ன மாதிரி மண்ணை ஊதினா பத்தாது, நல்ல தண்ணியில நாலு தடவை அலசணும் :)

வெறும் கலரும் எசன்ஸும் போட்ட ஐஸ்க்ரீமுக்கு நிஜப் பழம் போட்டது தேவலைன்னு சொல்றவங்க கூடவும் எனக்குச் சண்டை இல்ல. ருசியில தேவலைதான். என் சண்டை அந்த "தைரியமா சாப்பிடலாம்"ங்கிற ரெண்டு வார்த்தையோட மட்டும்தான். அதைப் படிச்சிட்டு யாரோ ஒரு அப்பா எங்கயோ ஒரு மாத்திரையைக் குறைச்சுக்கிட்டு இருக்கார்.

எங்க வீட்டு நிலவரம்: ராத்திரி மாத்திரை திரும்பவும் ஆரம்பிச்சாச்சு. கால் புண் ஆற ஆறு வாரம் ஆச்சு. அந்த ஆறு வாரமும் நான் தூங்கின லட்சணம் எனக்குத்தான் தெரியும். சுகர்காரங்க கால் புண் எங்க போய் முடியும்னு கூகுள்ல தேடி, படத்தைப் பார்த்து, மூடி வச்சு... வேண்டாம் விடுங்க. ஆறிடுச்சு.

இந்த வருஷ ஆடிக்கு எங்க வீட்ல ஒரு புது ஐட்டம். நல்லா கனிஞ்ச நாவலா பார்த்து, அலசி, கூழ் எடுத்து, ஒரு சிட்டிகை உப்பும் பாதி எலுமிச்சையும். எலுமிச்சை போட்டா நிறம் மங்காம செக்கச்செவேல்னு நிக்கும். அகலமான தட்டுல மெல்லிசா ஊத்தி ஃப்ரீஸர்ல வச்சு, அரை மணிக்கு ஒரு தடவை முள்கரண்டியால கீறி விடணும். மூணு மணி நேரத்துல மணல் மாதிரி உதிரியா வரும். சர்க்கரை கிடையாது, அதனால உருண்டையெல்லாம் வராது. டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு, ஒரு சின்ன டம்ளர், அதுக்குப் பதிலா ராத்திரி ஒரு இட்லி கம்மி. மாத்திரையில கை வைக்கறது இல்ல.

கடை ஐஸ்க்ரீம் மாதிரி இருக்குமான்னா, சத்தியமா இருக்காது. துவர்க்கும். அந்தப் பஸ் ஸ்டாண்டு சாக்குக் கடை உப்பு போட்ட பழம் மாதிரி இருக்கும். அப்பா முதல் வாய் போட்டுட்டு, நாக்கை நீட்டி அம்மாகிட்ட காட்டினார். "ஊதாவா இருக்கா?"

அறுபத்திரெண்டு வயசு வாத்தியார்.

உங்க வீட்லயும் இப்படி "மருந்து" ஐஸ்க்ரீம், "சத்து" குல்ஃபி, "நாட்டு" மிட்டாய்னு எதாவது உள்ள வந்திருக்கா? டப்பாவைத் திருப்பி சேர்மானத்துல மூணாவது இடத்துல என்ன இருக்குன்னு பார்த்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க. வீட்டுப் பெரியவங்க மாத்திரை அட்டையையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க. அது ரொம்ப முக்கியம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். மருந்து விஷயத்துக்கு என் பதிவையும் நம்பாதீங்க, வாட்ஸப்பையும் நம்பாதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

டிஸ்கி 2: அத்தை, நீங்க இதைப் படிச்சா, அந்தப் பூங்கொத்தை மட்டும் திரும்ப எடுத்துக்குங்க ப்ளீஸ் :)